மிக நன்று

சான்றிதழ்ப் பிரிவில் அவளுக்கு முத்திரை அக்கா என்றுதான் பெயர். பல்கலைக்கழக முத்திரையைக் கோணாமல் குத்த அவளை விட்டால் ஆளில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலி. அதன் ஆடும் காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தாள்.

வருஷத்துக்கு இரண்டு நாள் ஊழியர்களுக்குக் கணினிப் பயிற்சி நடக்கும். கருத்துப் படிவம் கொடுத்தால்தான் வருகைச் சான்று கிடைக்கும். மதியம் நழுவப் பார்ப்பவர்கள், பாடம் தொடங்குமுன்பே வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் தள்ளிவிடுவார்கள். அவளும் கடைசி வரிசையில் உட்கார்ந்து 'மிக நன்று' என்று டிக் அடித்துக்கொண்டே போவாள். சந்தேகம் வராமலிருக்கப் பத்துக்கு ஒன்றில் வெறும் 'நன்று'. நடுவில் பேனாவைக்கூட மாற்றுவாள். திரையில் பயிற்சியாளர் காட்டியதெல்லாம் தலைக்கு மேலே போயிற்று. கேட்கக் கூச்சம். பக்கத்து மேசைத் தம்பி இருக்கிறான், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் யாரோ அந்தப் படிவங்களைக் கூட்டிப் பார்த்தார்கள். ஐந்துக்கு நாலே முக்கால். பயிற்சி பலித்துவிட்டது, இருவர் வேலையை இனி ஒருவரே பார்க்கலாம் என்றது அறிக்கை. கணினித் தேர்வில் தேறாதவருக்குப் பழைய கோப்புக் கிடங்கு. அது ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் தூரம். இடுப்பு முறிந்து படுத்திருக்கும் கணவருக்கு மதியம் ஓடிவந்து சோறு போட முடியாது.

துணைப் பதிவாளர் முன் போய் நின்றாள்.

"ஒரு வாரம் சொல்லிக் குடுத்தா கத்துக்குவேன் சார்."

அவர் கோப்பைப் புரட்டி ஒரு தாளை உருவினார். "இது உங்க படிவந்தானே? 'மேலும் பயிற்சி தேவையில்லை'. மூணு வருஷமா டிக் போட்டிருக்கீங்களேம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சார் போடுவாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒருத்தராவது வேணும்னு கேட்டிருக்கீங்களா?"

அந்த ஒருத்தருக்கும் சேர்த்து டிக் அடித்தவள் அவள்தான். வாயைத் திறந்தால் கிடங்கும் மிஞ்சாது. வீட்டுக்குத் திரும்பினாள்.

"என்ன சொன்னாரு?" என்றார் கணவர், படுக்கையிலிருந்து.

"நான் எல்லாத்தையும் கத்துக்கிட்டேனாம்."

தேர்வில் தம்பி தேறினான், அவள் தேறவில்லை. "கவலப்படாதீங்கக்கா, உங்க நாற்காலிய நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தான். அட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கிடங்குக்கு வந்தவர்களுக்கும் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். படிவம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒவ்வொரு கேள்வியையும் படித்தாள். 'மேலும் பயிற்சி தேவை' என்ற கட்டத்தில் அழுத்தி டிக் போட்டாள்.

படிவம் வாங்கும் பெண் ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"அக்கா, உங்களோடது மட்டும் ஒத்து வரல. இப்படிக் குடுத்தா சான்று வராம நின்னுடும். மாத்திப் போட்டுருங்களேன்." கையில் புதுத் தாள். அதன் கீழே இன்னும் நாலைந்து வெற்றுத் தாள்கள். "இவங்கல்லாம் சீக்கிரம் போகணுமாம். நீங்கதான் வேகமா போடுவீங்களாமே?"

அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நாலாவது தாளில் பேனாவை மாற்றினாள்.