அரை மணி பின்னால்

மாலத்தீவின் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி பின்னால் ஓடும். கடலூரில் ஐந்தரை என்றால் அங்கே ஐந்து. ஏழு வருடம் இந்தக் கணக்கைப் போட்டவன் நான். 2004 ஜனவரியில் பள்ளியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, அங்கே ஒரு சின்னத் தீவுக்கு ஆங்கில வாத்தியாராகப் போனேன். தீவைச் சுற்றி நடக்க இருபத்திரண்டு நிமிடம். வகுப்பில் முப்பத்தோரு பிள்ளைகள். ஆங்கிலம் அவர்களுக்கும் சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை. தமிழ் பேச எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான், விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை. மாலையில் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்குப் போன் செய்வேன்.

மனைவி முதலில் கேட்பது, "அங்க மணி இன்னா?" அடுத்து, "இன்னிக்கும் மீனுதானா?" பிறகு சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றி இரண்டு வார்த்தை. கடைசியில், "எப்ப வரீங்க?"

இப்படி முந்நூற்று முப்பத்தாறு வெள்ளிக்கிழமை பேசியிருக்கிறோம். வீட்டில் இருந்தது ஆறு விடுமுறையும் சேர்த்து நூற்று எழுபத்தெட்டே நாள்.

2010 டிசம்பரில் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது வாசலில் அவள் என்னைப் பார்த்துச் சொன்னது: "உள்ள வாங்க சார். அவுரு மாலத்தீவுல இருக்காரு."

கிண்டல் செய்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

புதுச்சேரியில் பார்த்த டாக்டர், மறதி நோய் தொடங்கி மூன்று வருடமாவது ஆகியிருக்கும் என்றார். பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். நூற்று நாற்பது போன்களாவது அந்த நோயோடு பேசியிருக்கிறேன். வாரா வாரம் அதே நான்கு கேள்விகள். எனக்கு எப்படித் தெரியும்? பாடத்தைப் புரியாமல் நெட்டுருப்போட்டு ஒப்பிக்கும் பிள்ளையை முதல் வரியிலேயே பிடித்துவிடுகிறவன் நான். இதைப் பிடிக்கவில்லை. விடுமுறையில் வந்தபோது தடுமாறியிருப்பாள். வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

மாத்திரை கொடுத்தால் "தேங்க்ஸ் சார்" என்று வாங்கிக்கொள்வாள். நான் இருக்கும் அறையில் தலை துவட்டமாட்டாள். எங்கள் கல்யாணப் படத்தைக் காட்டினேன். மாப்பிள்ளையைத் தொட்டு, "எங்க ஊட்டுக்காரரு" என்றாள்.

அடுத்த ஏப்ரலில், பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு, மகளைப் பார்க்கச் சிதம்பரம் போனேன். திரும்பும்போது பஸ் கிடைக்கத் தாமதம். பஸ் ஸ்டாண்டு வரை வந்திருந்த மகள், "வீட்டுக்கு ஒரு போன் போட்டுருங்கப்பா" என்றாள். பக்கத்து வீட்டு அம்மா எடுப்பார் என்று நினைத்தேன். எடுத்தது அவள்.

"ஏங்க! எத்தினி நாளாச்சி பேசி! மறந்துட்டீங்களா?"

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"அங்க மணி இன்னா?"

கைக்கடிகாரத்தில் ஆறே கால். "அஞ்சே முக்கால்" என்றேன்.

போனை வைத்த பிறகும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப போன்லயே பேசுங்கப்பா. வேற என்ன பண்றது?"

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மாலையில் தெருமுனை டீக்கடைப் பக்கம் போய் நின்று வீட்டுக்குப் போன் செய்வேன். மணியில் அரை மணி குறைப்பேன். கறிவேப்பிலைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட வாயால், மீன்தான் என்பேன். பத்து நிமிடம் நான் அவளுடைய கணவன். பிறகு நூற்றெண்பது அடி நடந்து வீட்டுக்குள் போனால், "வாங்க சார்."

ஒரு வெள்ளிக்கிழமை குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஏங்க, ஊட்ல ஒரு சாரு வந்து தங்கியிருக்காரு. நல்ல மனுஷன்தான். மாத்திரைய மூணு தடவ எண்ணிப் பாத்துதான் குடுப்பாரு. தொணதொணப்பு ஜாஸ்தி. தெருவுல நாலு பேரு இன்னா பேசுவாங்க? நீங்க சீக்கிரம் வந்துடுங்க."

அந்த சாரின் மேல் எனக்கே கோபம் வந்தது.

2012 பிப்ரவரியில், இனி தாங்காது என்று, அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருவதாகப் போனில் சொன்னேன். போனில் என்னைத் தெரிகிறவளுக்கு, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் பெட்டியோடு போய் நின்றால் நேரிலும் தெரியாதா? அந்த ஒன்றைத்தான் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பச்சைப் பட்டுக்கரைச் சேலை கட்டிக்கொண்டாள். வாழைக்காய் வறுத்தாள், உப்பை இரண்டு முறை போட்டாள். மூன்று மணிக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்வழியாக வெளியேறினேன். நாலு மணிக்கு முன்வாசலில் வந்து மணி அடித்தேன்.

கதவைத் திறந்தாள். தலை நிறையப் பூ. என் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தாள்.

"நான்தான். வந்துட்டேன்" என்றேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அவுரு வர்ற நேரம். பெட்டிய வேற எடுத்துக்கிட்டீங்க, நல்லதாப் போச்சி. வேற எடம் பாத்துக்கங்க." கை கூப்பினாள். கதவு சாத்தப்பட்டது.

டீக்கடைப் பக்கம் போய், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பிறகு போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"இங்கதான். மாலத்தீவுல. பிளைட்டு கேன்சல் ஆயிடுச்சி."



"சரி, பரவால்ல. ஒடம்ப பாத்துக்கங்க." பிறகு, "ஏங்க, அந்த சாரப் போவச் சொல்லிட்டேன். நீங்க வரீங்கன்னுதான். பாவம், எங்க போவாரு? திரும்பக் கூப்பிட்டுக்கட்டா?"

"கூப்பிட்டுக்கோ" என்றேன்.