கொட்டாய்க்கு இழுத்த லைன்

சேரப்பணஞ்சேரியில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். எல்லாரும் தெற்கத்திப் பையன்கள். ஒரகடத்துக் கம்பெனிகளில் ஷிப்ட் ஷிப்டாகப் பிரிந்து வேலை பார்த்ததால், ஆறு பேருக்கு மூன்று பாய் போதுமானதாக இருந்தது. நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டெனன்ஸில் இருந்தேன். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன் ஒருவன் அதே கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தான். அறையில் எனக்கு நெருக்கம் என்றால் அவன்தான்.

மே மாதம். அவனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் காலை சட்டையைக் கழற்றிவிட்டு, "ஏலே, முதுகுல எதுவும் கடிச்சிருக்கான்னு பாரு, ஒரே அரிப்பா இருக்கு" என்று திரும்பி உட்கார்ந்தான். முதுகெல்லாம் நீர் கோத்த கொப்புளங்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அம்மை.

எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்தது. மற்றவர்களில் இரண்டு பேருக்கு வந்ததில்லை. அன்று மாலையே அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலில் தெரிந்தவர்கள் அறைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதினைந்து நாள் வேலைக்குப் போகாவிட்டால் கான்ட்ராக்டர் அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவார். படப்பையில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "பஸ்ல ஊருக்கெல்லாம் போகக் கூடாது. தனியா ஒரு எடத்துல இருக்கட்டும்" என்றார்.

தனியாக ஒரு இடத்துக்கு நாங்கள் எங்கே போவது?

அதே வீட்டின் முன்பக்கம் குடியிருந்த ஓனரையும் அவர் மனைவியையும் அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஊரிலேயே காலங்காலமாக விவசாயம் செய்த குடும்பம். நிலம் கம்பெனிகளுக்குப் போனபின், அண்ணன் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர்களுடைய பெண் பிரசவத்துக்காக வந்திருந்தாள். ஏழாம் மாதம்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

"இன்னாப்பா சொல்ற? வூட்ல புள்ளத்தாச்சிப் பொண்ணு கீது. அதுக்கு ஒட்டிக்கினா யார் பதில் சொல்றது? நானும் மனுசன்தான். ஆனா நீங்க ரூமைக் காலி பண்ணித்தான் ஆவணும்."

அவர் பின்னால் நின்றிருந்த அக்கா மெதுவாகச் சொன்னார். "அம்மா வந்துகிற புள்ளய வெளிய தொரத்துவாங்களா? பொண்ணை மண்ணூர்ல எங்க அக்கா வூட்ல கொண்டுபோய் வுடு. இந்தப் புள்ள பின்னாடி கொட்டாய்ல இருக்கட்டும். எனக்கு எப்பவோ வந்துட்ச்சி. நான் பாத்துக்கறேன்."

அண்ணன் உள்ளே திரும்பிப் பெண்ணைப் பார்த்தார். பிறகு ஷேர் ஆட்டோ கூட்டிவரப் போனார்.

கொட்டாய் என்றால் ஒரு காலத்தில் மாடு கட்டிய இடம். மூன்று பக்கம் ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமென்ட் ஷீட், முன்னால் ஒரு தகரக் கதவு. வீட்டுக்குப் பின்னால் எழுபது அடி தள்ளி இருந்தது. உள்ளே கிடந்த விறகையும் பழைய மூட்டைகளையும் நானும் அக்காவும் ஒதுக்கினோம். தரையைக் கழுவி, கயிற்றுக் கட்டில் போட்டு, கதவில் வேப்பிலை செருகினோம். அன்றிலிருந்து அக்கா தன் வீட்டில் தாளிப்பதை நிறுத்திவிட்டார். காலையில் கூழ், மதியம் மோர்ச்சோறு, நடுவில் இளநீர் என்று தகரக் கதவு வரை அவரே கொண்டுபோவார்.

ஆனால் அந்த ஷீட்டுக்குக் கீழே மதியத்தில் ஒரு மனிதன் இருக்க முடியாது. மறுநாள் நான் போனபோது அவன் ஈரச் சாக்கைத் தரையில் விரித்து அதன்மேல் குப்புறக் கிடந்தான். வேர்வை பட்ட இடமெல்லாம் கொப்புளம் எரிந்தது.

"மத்ததெல்லாம் தாங்கிருவேன்ல. ஒரு ஃபேன் மட்டும் இருந்தாப் போதும்" என்றான்.

எனக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்ட். கிளம்ப அரை மணி நேரம்தான் இருந்தது. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் சீரியல் பல்பு போடுவதற்காக வாங்கி, பரணில் விட்டுப்போன இரட்டை ஒயர் ஒன்று சுருட்டிக் கிடந்தது. நடுவில் ஏற்கெனவே ஒரு ஒட்டு. நீளம் போதாமல் நான் இன்னொரு ஒட்டுப் போட்டு டேப் சுற்றினேன். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகலாம். ஆனால் அதற்கு இன்னும் நாற்பது அடி வேண்டும். குறுக்கே, வீட்டு சன்ஷேடிலிருந்து கொட்டாய் வரைக்கும் அக்கா துணி காயப்போடும் இரும்புக் கம்பி நேராகப் போனது. அந்தக் கொடிக்கம்பியிலேயே ஒயரை வைத்து, அடிக்கு ஒரு இடத்தில் சணலால் கட்டினேன். ஒரு முனையை எங்கள் அறை பிளக்கில் சொருகினேன். மறுமுனையில் டேபிள் ஃபேன்.

ஃபேன் சுற்றியதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். கதவுக்கு வெளியே நின்ற அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார்.

கம்பெனியில் இப்படி ஒரு லைனை நான் இழுத்திருந்தால் அன்றோடு கேட்டுக்கு வெளியே நின்றிருப்பேன். அங்கே ஒரு தற்காலிக இணைப்பு வேண்டுமென்றால் பெர்மிட் எழுத வேண்டும், ஒட்டுப்போட்ட ஒயர் கூடாது, இரும்பில் கட்டக் கூடாது. இவை எதுவும் எனக்குத் தெரியாதவை அல்ல. புதிதாக வரும் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுத்தவை. ரெண்டு வாரத்துக்குத்தானே என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

லைன் இழுத்த நான்காம் நாள். அந்தச் சமயத்தில் பகலில் இரண்டு மணி நேரமாவது கரண்ட் இருக்காது. அன்று காலை பத்து மணிக்குப் போயிருந்தது. அக்கா துணி துவைத்து அலசி, ஈரத்தோடு கொடியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். காலில் செருப்பில்லை. துணியிலிருந்து சொட்டிய தண்ணீரில் தரை சேறாகியிருந்தது. நான் அறை வாசலில் உட்கார்ந்து ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்தது. அறைக்குள் ஃபேன் சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டது. அதே நொடி அக்காவிடமிருந்து ஒரு சத்தம். கத்தல் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. கம்பியைப் பிடித்த கை விடவில்லை. உடம்பு மட்டும் உதறியது.

"ஏலே, பிளக்கு! பிளக்கைப் பிடுங்கு!" என்று கொட்டாய்க் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் அலறினான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடினேன். அக்கா சேற்றில் விழுந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. என் முகத்தில் பாதி சோப்பு நுரை. அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். அவன் பத்தடி தள்ளி, இடுப்புத் துண்டோடு, கிட்டே வரவும் முடியாமல் அழுதுகொண்டிருந்தான்.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். இ.சி.ஜி. எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். உள்ளங்கையில் மட்டும் கம்பி பதிந்த இடம் வெந்திருந்தது. டாக்டர் என்னிடம், "கரண்ட் இன்னும் ரெண்டு செகண்ட் இருந்திருந்தா நீங்க இங்க வந்திருக்க வேண்டியதே இல்லை" என்றார்.

மதியம் டியூட்டியிலிருந்து வந்த அண்ணன் நேராகப் பின்பக்கம் போனார். ஒரு குச்சியை எடுத்து, கொடிக்கம்பியிலிருந்த ஒயரை அடித்து அடித்துக் கீழே தள்ளினார். பிறகு யூனிபாரத்தோடு படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, தப்பு எம்மேலதான்" என்றேன்.

"உன் மேல இல்லாம யார் மேல? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா, என் பொண்ணுக்கு யார்டா பிரசவம் பாக்கறது?"

அந்த 'டா' எனக்குத் தகும். இரண்டு பேரும் காலி பண்ணிவிடுகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மையோடு இருப்பவனை எங்கே கூட்டிப்போவது? அன்று வேலைக்குப் போகவில்லை. கொட்டாயில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். "நான் ஃபேன் கேட்டிருக்கக் கூடாதுல்ல" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். கேட்டவன் மேல் என்ன தப்பு இருக்கிறது?

மறுநாள் காலை அக்காவே வந்தார். கையில் கட்டு. இன்னொரு கையில் கூழ்ச் செம்பு.

"இன்னா, ரெண்டு பேரும் துன்னாம கெடக்கிறீங்களா?"

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அக்கா, அதுல ரெண்டு ஒட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கட்டுனேன்."

அக்கா செம்பைக் கீழே வைத்தார். "நானுந்தான் பாத்தேன். முந்தின நாளு கெணத்து ராட்டினக் கயிறு எடுக்க வந்தப்ப அந்த டேப்பு பிரிஞ்சி தொங்கிக்கினு இருந்துச்சி. கேக்கலாம்னு நெனச்சேன். அப்பறம், இந்தப் புள்ள இதே வேலைதான பண்ணுது, நமக்கு இன்னா தெரியும்னு வுட்டுட்டேன்."

என்னை அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"சரி, அத்த வுடு. இவன் இந்த வேக்காட்டுல எப்டி கெடப்பான்? ஒழுங்காப் போடுறதுன்னு ஒண்ணு இருக்கும்ல, அப்டிப் போடு. உங்க அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அன்றும் மறுநாளும் லீவு சொல்லிவிட்டு அந்த வேலையைச் செய்தேன். எர்த்துக்கும் சேர்த்து, ஒட்டில்லாத மூன்று கோர் கேபிள் வாங்கினேன். அறை பிளக்கை விட்டுவிட்டு, வீட்டு மெயின் போர்டிலிருந்தே எடுத்தேன். கரண்ட் கசிந்தால் கண் சிமிட்டுவதற்குள் லைனைத் துண்டித்துவிடும் டிரிப்பர் ஒன்றை முதலில் மாட்டினேன். மீட்டர் வைத்துச் சோதித்தபோதுதான், காம்பவுண்டுச் சுவர் கட்டும்போது யாரோ, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் வீட்டு எர்த் கம்பியை வெட்டிவிட்டிருந்தது தெரிந்தது. அந்த வீட்டில் எத்தனையோ நாளாக எர்த்தே இல்லை.

புதிதாக எர்த் குழி தோண்ட வேண்டும் என்று கடப்பாரையை எடுத்தேன். கொஞ்ச நேரம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் சட்டையைக் கழற்றிப் படியில் போட்டுவிட்டு வந்தார்.

"குடு இப்டி. கடப்பாரை புடிக்கத் தெரியுதா பாரு உனக்கு."

இடுப்பளவு ஆழத்துக்குமேல் அவர்தான் தோண்டினார். இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு கூடை கரியும் கடையிலிருந்து கல்லுப்பும் வாங்கி வந்து, குழிக்குள் இறக்கிய எர்த் குழாயைச் சுற்றி அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். கேபிளைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, காம்பவுண்டுச் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனோம். சுவர் முடிந்த இடத்தில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, கை எட்டாத உயரத்தில் கொட்டாய்க்குள் கொண்டுபோனேன். கொடிக்கம்பியையே அவிழ்த்துப் போட்டுவிட்டு நைலான் கயிறு கட்டினார் அண்ணன்.

"நான் பாக்கணும். அது எப்டி கட்டாவுதுன்னு காட்டு" என்றார். டிரிப்பரிலிருந்த டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. "இன்னொரு தபா." மறுபடி அழுத்தினேன். மூன்றாவது முறை அவரே அழுத்திப் பார்த்தார்.

கொட்டாய் சுவரில் சுவிட்ச் வைத்திருந்தேன். நான் போடப் போனபோது அக்கா, "இரு, நான் போடறேன்" என்று முன்னால் வந்தார். அக்காவின் விரல் சுவிட்சுக்கு முன்னால் ஒரு கணம் நின்றது. புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு போட்டார். ஃபேன் சுற்றியது.

"பொழச்சேன்" என்று கட்டிலிலிருந்து அவன் சொன்னதும் முதலில் சிரித்தது அக்காதான்.

கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை அக்கா மூன்று முறை அவன் தலைக்கு ஊற்றினார். கான்ட்ராக்டர் முதலில் இடமில்லை என்றார். பிறகு கம்பெனியில் வேறு பிரிவில் சேர்த்துக்கொண்டார். பெண்ணை மண்ணூரிலிருந்து கூட்டிவருவதற்கு முன்னால் அண்ணன் கொட்டாய்க்குச் சுண்ணாம்பு அடித்தார்.

"இந்த லைன் இருக்கட்டும்பா, நல்லாத்தான கீது" என்றார். நான் கேட்கவில்லை. கம்புகளைப் பிடுங்கி, கேபிளைச் சுருட்டினேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமாகப் பள்ளம் தோண்டி, மண்ணுக்கடியில் குழாய் பதித்து, நிரந்தரமாக ஒரு லைன் போட்டோம். பெண்ணுக்குப் பையன் பிறந்தான். கொட்டாயை ஒரு அறையாக்கி, பரமக்குடிப் பக்கத்துப் பையன்கள் இருவருக்கு வாடகைக்கு விட்டார்கள்.

என் நண்பன் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அக்காவுக்குக் காராச்சேவு வாங்கி வருவான். பொட்டலத்தை வாங்க அக்கா கை நீட்டும்போது உள்ளங்கையில் குறுக்கே அந்தத் தழும்பு தெரியும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். ஒரு தடவை அக்கா அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னா அங்க பராக்கு பாக்குற? காரமா கீதான்னு துன்னு பாரு" என்று அந்தக் கையாலேயே ஒரு பிடி சேவை அள்ளி என் கையில் வைத்தார்.