பத்தேகால் வண்டியில் போன டிஸ்க்

பஸ் டிப்போவில் அவளுக்குப் பெயர் சார்ட் அக்கா. ஓய்வு பெற இரண்டே மாதம் பாக்கி இருக்கிற டிரைவர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளும் அதை மறுத்ததில்லை. டிரைவர், கண்டக்டர் என்று நூற்று நாற்பத்திரண்டு பேர். யார் எந்த நாள், எந்த வண்டியில், எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று வாராவாரம் சார்ட் போடுவது அவள் வேலை. ஐம்பத்தொரு வயதில் இருபத்திரண்டு வருடம் அதற்கே போயிருந்தது. வீட்டிலும் அந்தப் புத்தி விடவில்லை. காலையில் யார் முதலில் குளிப்பது என்பதற்கும் நேரம் குறித்துவிடுகிறாள் என்று வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புவார். புலம்பிக்கொண்டே தன் நேரத்துக்குச் சரியாகக் குளித்துவிட்டும் வந்துவிடுவார்.

சார்ட் என்றால் கட்டம் நிரப்புகிற வேலைதானே என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த டிரைவரையும் அந்தக் கண்டக்டரையும் ஒரே வண்டியில் போட்டால், எட்டு மணி நேரமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஓட்டிவிட்டு வந்து அவளிடம் சண்டை பிடிப்பார்கள். இன்னொரு கண்டக்டருக்குக் கைக்குழந்தை. மற்றொருவருக்கு முதுகு வலி. நெடுந்தூரம் ஆகாது, ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். இதையெல்லாம் ‘யாருக்கு என்ன’ என்று பெயர் வைத்த ஒரு ஃபைலில் அவள் எழுதி வைத்திருந்தாள். மேனேஜருக்குக்கூட அந்த ஃபைலைக் காட்டியதில்லை. தன்னை நம்பிச் சொன்னதை ஊருக்குப் படித்துக் காட்டுவது அவளுக்குப் பிடிக்காது.

அந்த வியாழக்கிழமை வந்து சொன்னவர் ‘அவசரம்’. டிப்போவிலேயே நிதானமான டிரைவர் என்பதால் அந்தப் பெயர். அவர் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இதுவரை சாயங்காலம் நடந்தது, திங்கட்கிழமையிலிருந்து காலைக்கு மாறுகிறது என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். “முடிஞ்சா பாருங்கக்கா. முடியலன்னா பரவாயில்ல” என்றார். பரவாயில்லை என்று அவர் சொன்ன விதத்திலேயே பரவாயில்லாமல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து, பதினோரு பேரிடம் பேசி, பதினோரு பேரையும் நகர்த்தி, திங்கள், புதன், வெள்ளி மூன்று காலையையும் அவருக்குக் காலி செய்து வைத்தாள். சனிக்கிழமை நான்கு மணிக்குள் அதைப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் தலைமை அலுவலகம் அனுப்புகிற சார்ட்தான் அந்த வாரம் முழுக்கச் செல்லும். அந்தச் சார்ட்டுக்கு மனைவியும் தெரியாது, முதுகும் தெரியாது. அதில் அவசரத்துக்கு மூன்று நாளும் காலை ஐந்து மணி வண்டி.

இந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் காலை வாரியது.

பத்து நாளைக்கு முன்னால் தலைமை அலுவலகம் ஒரு புதிய புரோகிராமைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. அது வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். அவள் தம்பி வேறு ஊரில் கம்ப்யூட்டர் ஆசிரியர். “என் பழசுல கை வச்ச, தொலைச்சிடுவேன்” என்று அவள் மிரட்டியதால், அவன் தன்னுடைய கையடக்க டிஸ்க்கைக் கொண்டு வந்து கம்ப்யூட்டரின் பின்னால் செருகி, புதிய சிஸ்டத்தை அதில் தனியாக ஏற்றிக் கொடுத்தான். அன்றிலிருந்து கம்ப்யூட்டரைப் போட்டால் பழசா புதுசா என்று ஒரு பட்டியல் வந்து கேட்கும். சோதனை வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. சனிக்கிழமை காலை, ஊருக்குத் திரும்புகிற வழியில் தம்பி வந்தான். இரவல் பொருளை ஒரு நாள்கூட அதிகம் வைத்திருப்பது அவளுக்கு ஆகாது. தன் கையாலேயே கழற்றி, துணியில் சுற்றிக் கொடுத்து, பத்தேகால் வண்டியில் அவனை ஏற்றியும் விட்டாள்.

அப்போது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் டிப்போவில் ஒரு கண்டிப்பு உண்டு. இன்ஜினை ஓடவிட்டு யாரும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அவள் வண்டி ஓட்டுகிறவள் இல்லைதான்; ஆனாலும் இருபத்திரண்டு வருடக் காற்று. நாற்காலியை விட்டு எழுந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் எழுவாள். பதினொன்றரைக்கு அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். பதினொன்று ஐம்பதுக்கு வந்து பொத்தானை அழுத்தினால், கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அப்படி ஒரு டிஸ்க் இல்லை என்றது. அதற்குக் கீழே கோடு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பட்டியலைக் காணோம், பழசைக் காணோம், எதையுமே காணோம்.

மூன்று தடவை அணைத்துப் போட்டாள். மூன்று தடவையும் அதே இரண்டு வரி. தம்பிக்கு போன் செய்து அவற்றைப் படித்துக் காட்டினாள். பஸ் சத்தத்துக்கு நடுவில் அவன் கத்தினான்.

“ஐயோ அக்கா! தப்பு என்னோடதுதான்.”

“தப்பு யாரோடதுன்னு அப்புறம் பேசிக்கலாம். என் ஃபைல் இருக்கா, போச்சா?”

“எல்லாம் உள்ளதான் இருக்கு, ஒண்ணும் போகல. மிஷினைப் போட்டதும் முதல்ல ஒரு குட்டி புரோகிராம் எழுந்திரிக்கும். பூட்லோடர்னு பேரு. எந்த சிஸ்டத்தைக் கிளப்பணும்னு அதுதான் வழி காட்டும். அதை எங்க வைக்கணும்னு கேட்டப்போ நான் கவனிக்காம உன் மிஷின்லயே வச்சுட்டேன். அது பார்த்துப் படிக்கிற குறிப்பெல்லாம் என் டிஸ்க்ல இருக்கு.”

“அப்ப வழி காட்டுறவனை இங்க உட்கார வச்சுட்டு, அவன் கையில இருந்த சீட்டை நீ எடுத்துட்டுப் போயிட்ட.”

“ஆமா. டிஸ்க்கைத் திரும்பச் செருகினாப் போதும், பழையபடி வந்துடும். வேற எங்கயாவது காப்பி வச்சிருக்கியா?”

காப்பி இருந்தது. நான்கு மாதத்துக்கு முந்தையது.

விஷயத்தைக் கேட்ட மேனேஜர் நல்ல மனிதர்தான், கையைப் பிசைந்தார். “மேடம், நாலு மணிக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல” என்றார். அவள் ஒரு பெரிய தாளை எடுத்து, நினைவிலிருந்தே சார்ட் போட முயன்றாள். நாற்பது பெயர் வரைக்கும் விறுவிறுவென்று வந்தது. அதற்கு மேல் யார் யாரை எங்கே மாற்றினோம் என்பது சிக்கலாகிவிட்டது. பென்சிலைக் கீழே வைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தம்பி மேல் கோபம், தன் மேல் அதைவிடக் கோபம்.

அழுகைக்கு நடுவில் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. பன்னிரண்டு இருபத்திரண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பத்தேகால் வண்டி பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் பாதி வழிச் சாப்பாட்டுக் கடையில் நிற்கும். பதினைந்து நிமிடம். எதிர்த் திசை வண்டி அதே கடைக்குப் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்து, ஐம்பத்தைந்துக்குக் கிளம்பும். டிப்போவுக்கு மூன்று பதினைந்து. இந்த நேரங்களைக் குறித்தவளே அவள்தான். இதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம். அன்றைக்கு எதிர்த் திசை வண்டியை யார் ஓட்டுகிறார் என்பது ஞாபகம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அவசரம்.

ஓட்டுகிறவருக்கு போன் செய்வது டிப்போவில் பெரும் பாவம். அவர் கண்டக்டருக்குச் செய்தாள். “கடையில என் தம்பி நிப்பான், பச்சைச் சட்டை. துணியில சுத்தின ஒரு பொருள் தருவான். கீழ போட்டுடாத, தண்ணி படாம கொண்டு வா” என்றாள். தம்பியிடம் சாப்பாட்டை மறந்துவிட்டுக் கடை வாசலில் நிற்கச் சொன்னாள். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், சாவிப் பலகையில் இருந்த சாவிகளை இரண்டு தடவை சரிபார்த்தாள். மேனேஜர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைக் கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மூன்று ஐந்துக்கு வாசலில் ஹாரன். அவள் ஓடிப் போய்ப் பார்த்தாள். அந்த வண்டியேதான். கண்டக்டர் கையிலிருந்து துணி மூட்டையை வாங்கியபோது போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது.

“பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கீங்க! வழியில நின்னவங்களை ஏத்தாமலா வந்தீங்க?” என்று டிரைவர் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

“எல்லாரையும் ஏத்திட்டுத்தான்கா வந்தேன்” என்றார் அவசரம், இறங்கிக்கொண்டே. “கடையில டீ குடிக்கல. அவ்வளவுதான்.”

பதினைந்து வருடத்தில் அவர் அந்த டீயை விட்டதே இல்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அவர் டீக்கென்றே அந்த வண்டிக்குப் பத்து நிமிடம் கூட்டிப் போட்டவள் அவள்.

டிஸ்க்கைச் செருகி, பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரை வந்தது. பிறகு, ஒன்றுமே நடக்காதது மாதிரி, பழசா புதுசா என்று பட்டியல் வந்து கேட்டது. கீழ் அம்பை ஒரு தடவை அழுத்திப் பழசைத் தேர்ந்தெடுத்தாள். ‘யாருக்கு என்ன’ இருந்த இடத்திலேயே இருந்தது, சார்ட்டும் இருந்தது, பதினோரு பேரும் நகர்த்தின இடத்தில் இருந்தார்கள். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைப் பிடித்து வந்து, வழி காட்டுகிறவனைச் சரி செய்து தருவதாகத் தம்பி சத்தியம் செய்திருந்தான். வராவிட்டால் அவனைத் தொலைத்துவிடுவாள், அது வேறு விஷயம்.

மூன்று நாற்பதுக்குச் சார்ட் பலகைக்கு ஏறியது. அவசரம் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, எல்லாரும் பார்த்துவிட்டுப் போன பிறகு கிட்டே வந்தார். தன் வரிசையில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். திங்கள், மதியம் இரண்டு. புதன், மதியம் இரண்டு. வெள்ளியிலும் விரல் நின்றது. விரலை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“அக்கா, நான் கொண்டு வந்தேனே, அதுல அப்படி என்ன இருந்துச்சு?”

“உங்க திங்கக்கிழமை” என்றாள் அவள். “வாங்க, விட்ட டீயைக் குடிப்போம்.”

இருவரும் எதிர்க்கடைக்கு நடந்தார்கள். பாதி வழியில்தான் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.