நோர்பெர்ட் விட்டுப்போன ஏழு பாம்புகள்

எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில், ஒரு பின்னறையில், விஷப்பாம்புகள் இருந்தது எட்டு வருடமாக எனக்குத் தெரியாது. நான் இருப்பது இரண்டாம் மாடி. அந்தப் பின்னறைக்கு நேர் மேலேதான் என் கட்டில்.

முதல் மாடியில் குடியிருந்த நோர்பெர்ட் பிலார்ஸ்கி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். சுரங்கத்தை மூடியபோது சீக்கிரமே ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். படியில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வான், அதோடு சரி. அவன் மனைவி ரோஸ்வித்தா ரயில் நிலையத்துக்கு எதிரே பேக்கரியில் வேலை பார்த்தாள். விடியுமுன் கிளம்பி மதியம் இரண்டு மணிக்குத் திரும்புவாள். சனிக்கிழமைகளில் விற்காத பன்களை ஒரு பையில் போட்டு என் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவாள்.

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது நடக்கும்போது நோர்பெர்ட் கிளம்பிப் போய்விட்டான். டார்ட்ஸ் ஆடும் கூட்டத்தில் பழக்கமான ஒருத்தியோடு கனாரித் தீவுக்கு. வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போனது பாம்புகளைப் பற்றி மட்டும்தான்.

மூன்று வாரம் கழித்து ரோஸ்வித்தா என் கதவைத் தட்டினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது. உங்க வீட்டுக்குக் கீழ ஏழு பாம்பு இருக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அதுங்களுக்கு இரை வைக்கணும். உள்ள ஒருத்தர் போனா வாசல்ல ஒருத்தர் நிக்கணும்னு நோர்பெர்ட் எழுதி ஒட்டியிருக்கான். எனக்கு வேற யாரத் தெரியும்? உங்க ஊர்ல பாம்பெல்லாம் சகஜம்தானே."

என் ஊரில் நான் பாம்பைப் பார்த்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் ஓடியிருக்கிறேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. போய் நின்றேன்.

அறை அடுப்படி மாதிரி சூடாக இருந்தது. சுவரோரம் ஆறு கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் பூட்டு. மூக்கில் கொம்பு முளைத்த விரியன்கள் இரண்டு ஒரே பெட்டியில் கிடந்தன. வாலைக் கிலுக்கும் அமெரிக்கப் பாம்புகள் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி. பச்சையாக ஒன்று கிளையில் தொங்கியது. ஆப்பிரிக்க விரியன் ஒன்று, என் கை பருமன், அசையவே இல்லை. கடைசிப் பெட்டியில் ஒரு நாகம். கதவின் பின்பக்கம் விஷமுறிவு மருத்துவமனையின் எண் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

"நான் விழுந்தா உள்ள வராதீங்க," என்றாள். "கதவைச் சாத்திட்டு இந்த நம்பருக்கு அடிங்க. எந்தப் பெட்டின்னு மட்டும் சொல்லிடுங்க."

ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்குக் கீழே எலிகள் உறைந்து கிடந்தன. அவற்றை வெந்நீரில் இளக வைத்து, நீண்ட இடுக்கியால் பிடித்து நீட்டினாள். இடுக்கி நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆறு பெட்டியையும் பூட்டி முடித்தபோது அவள் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல இந்த ரூமுக்குள்ள நான் மூணு தடவதான் வந்திருக்கேன்," என்றாள். "இப்ப பாரு, இது என் வேல."

அன்றைக்குத்தான் எங்களுக்குள் 'நீங்க' போய் 'நீ' வந்தது.

கொஞ்ச நாளில் யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்றுதான் இருவரும் நினைத்தோம். நோர்பெர்ட்டின் பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் ஆளாளுக்கு இடமில்லை என்றார்கள். உயிரியல் பூங்கா கடிதத்துக்குப் பதில்கூடப் போடவில்லை. ஊர்வன காப்பகத்தில் காத்திருப்போர் பட்டியல் ஒன்றரை வருடத்துக்கு நீண்டிருந்தது. ஊசி போட்டு முடித்துவிட முடியுமா என்று ஒரு கால்நடை மருத்துவரிடம் அழுதுகொண்டே கேட்டாள். ஆரோக்கியமான பிராணியைக் கொல்வது சட்டப்படி குற்றம் என்று அவர் பொறுமையாக விளக்கி, ஒரு டிஷ்யூ கொடுத்து அனுப்பினார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நோர்பெர்ட் போன் செய்வான். ஒருமுறை நானும் பக்கத்தில் இருந்தேன்.

"பச்சைக்காரி தோல் உரிச்சாளா?"

"உரிச்சிது. நோர்பெர்ட், எப்ப வந்து எடுத்துட்டுப் போற?"

"இங்க தீவுல விடமாட்டாங்க ரோஸி. கொஞ்சம் பொறு."

"அப்ப வித்துடறேன்."

"அதுங்க என் சொத்து. கை வச்சே, கேஸ் போடுவேன். சரி, நாகத்துக்குத் தண்ணி மாத்தினியா?"

வடகடலோரத்தில் இருந்த அவள் தங்கை தன் வீட்டின் மாடியை ரோஸ்வித்தாவுக்கென்றே காலியாக வைத்திருந்தாள். அங்கே போய்விட வேண்டும் என்பது அவள் எண்ணம். ஆனால் அந்த மாநிலத்தில் விஷப்பாம்பைக் கொண்டுபோக அனுமதி கிடையாது. இங்கே விட்டுப் போனாலோ அனாதையாக விட்ட குற்றம். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தங்கை அந்த மாடியை ஒரு மீன்கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டாள். அதைச் சொல்லும்போது ரோஸ்வித்தா உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவே இல்லை, எங்கள் இருவருக்கும் வேண்டியதற்கு மூன்று மடங்கு உரித்துத் தள்ளினாள்.

அந்தக் கோடையில் பக்கத்து ஊரில் ஒரு வீட்டிலிருந்து நாகம் ஒன்று தப்பித்தது. பத்திரிகை முழுக்க அதே பேச்சு. வீடுகளில் விஷப்பிராணி வளர்ப்பதற்கு மாநிலம் தடை போட வேண்டும் என்று ஒரு சாரார், வளர்ப்பவன் உரிமை என்று இன்னொரு சாரார். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த கிரபோவ்ஸ்கி தடை கேட்டுக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார். ரோஸ்வித்தா வேலை முடிந்து வரும்போது தபால்பெட்டி பக்கம் மடக்கினார். நானும் இருந்தேன்.

"பாம்பு வளக்கறவனயெல்லாம் பாம்போட ஒரே சாக்குல போட்டுக் கட்டணும். என்ன சொல்றீங்க பிலார்ஸ்கி அம்மா?"

"சாக்குல இடம் பத்தாது," என்றாள் அவள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளில் அதுதான் முதல் கையெழுத்து.

மறுவாரம் சங்கத் தலைவர் ராய்னர் வந்தார். தடைக்கு எதிராக வளர்ப்பவர்கள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டுமாம்.

"நான் தடை வேணும்னு போன வாரமே போட்டுட்டேன்," என்றாள்.

"விளையாடறீங்களா? தடை வந்தா இதுங்களை வாங்க ஒரு ஆள் கெடைக்க மாட்டான். வாங்கறதே குத்தமாயிடும். உங்க தலையிலதான் விடியும்."

"இப்ப மட்டும் யார் தலையில விடிஞ்சிருக்கு?"

அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஆனால் அவர் சொன்னது அவளுக்குள் தங்கிவிட்டது. இப்படிப் போனாலும் அப்படிப் போனாலும் கதவு ஒரே அறைக்குத்தான் திறக்கிறது என்று அவளுக்கு விளங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேலே ஓடி வந்தாள்.

"நாகத்தைக் காணோம்."

போய்ப் பார்த்தோம். பெட்டி பூட்டியபடியே இருந்தது. உள்ளே மண்ணும் தண்ணீர்க் கிண்ணமும் மட்டும். அறைக்கதவின் அடியில் ஈரத்துண்டைச் செருகிவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம்.

"இன்னொரு தடவ தேடிப் பாப்போம்," என்றேன். "கூப்பிட்டா மொத்தக் கட்டடத்தையும் காலி பண்ணிடுவாங்க. உன் பேரு பேப்பர்ல வரும். உன்ன இங்க வாழ விடமாட்டாங்க."

நான் அவளுக்காக மட்டும் சொல்லவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போய்ப் படுப்பது என்ற கவலை எனக்கு. அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"கீழ கிரபோவ்ஸ்கியோட பேத்தி இன்னிக்கி வந்திருக்கா," என்று சொல்லிவிட்டு, தீயணைப்புத் துறைக்குப் போன் செய்தாள்.

அரை மணியில் தெரு அடைபட்டது. ஆறு குடும்பங்களும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் போய்ப் படுத்தோம். நான்கு நாள். எங்கள் வீடுகளின் தரையெல்லாம் மாவு தூவி, தடம் பதிகிறதா என்று பார்த்தார்கள். அரங்கில் ரோஸ்வித்தாவின் மடக்குக் கட்டிலைச் சுற்றி யாரும் கட்டில் போடவில்லை, என்னைத் தவிர. கிரபோவ்ஸ்கி மட்டும் ஒருமுறை வந்து நின்றார்.

"என் தாள்ல முதல் கையெழுத்து உங்களோடதும்மா," என்றார். "என்னை மடையனாக்கிட்டீங்க."

"மனசாரத்தான் போட்டேன்," என்றாள். அவர் நம்பவில்லை.

ஐந்தாம் நாள் நாகம் கிடைத்தது. பெட்டியின் பின்சுவரில் பாறை மாதிரி செதுக்கி ஒட்டியிருந்த தெர்மாகோலைக் குடைந்து அதற்குள்ளேயே சுருண்டிருந்தது. அது பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. இதைக் கேட்டு யாரும் சமாதானமாகவில்லை. படியில் அவளைக் கண்டால் எல்லோரும் வீட்டுக்குள் திரும்பிவிடுவார்கள். பேக்கரியில் வாடிக்கையாளர்கள் அவள் கையால் ரொட்டி வாங்கத் தயங்கவே, முதலாளி அவளைப் பின்னால் தட்டு கழுவ அனுப்பினார்.

சட்டம் பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நகர மண்டபத்தில் நடந்தது. ஒரு பக்கம் கிரபோவ்ஸ்கியின் ஆட்கள், மறுபக்கம் சங்கத்தார். ரோஸ்வித்தா எந்தப் பக்கமும் உட்கார முடியாமல் பின்சுவரோரம் என்னோடு நின்றாள். பேசப் பேர் கொடுத்திருந்தாள்.

"தடை பண்ணுங்க," என்று ஆரம்பித்தாள். ஒரு பக்கம் கை தட்டியது. "ஆனா என் வீட்டுல இருக்கறத எடுத்துட்டுப் போறது யாரு?"

மேடையில் இருந்த சட்டமன்ற உறுப்பினர் கனிவான மனிதர். "நீங்க பயப்பட வேணாம்," என்றார். "ஏற்கெனவே இருக்கற பிராணிகளைப் பறிக்க மாட்டோம். பதிவு பண்ணிட்டா ஆயுசு முழுக்க நீங்களே வச்சுக்கலாம்."

இம்முறை மறுபக்கம் கை தட்டியது.

"யாரோட ஆயுசு?" என்றாள் ரோஸ்வித்தா. "என்னோடதா, அதுங்களோடதா?"

மண்டபமே சிரித்தது. அவள் வேடிக்கையாகக் கேட்கவில்லை. பதிலுக்காக ஒலிபெருக்கி முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள்.

சட்டம் வந்தது. புதிதாக வாங்கக்கூடாது, விற்கக்கூடாது, குட்டி போட வைக்கக்கூடாது. இருப்பவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்து காப்பீடு எடுக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்டதும் நோர்பெர்ட், பாம்புகள் இனி தன்னுடையவை அல்ல என்று தபாலில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றது. விண்ணப்பத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் அவள் தன் பேரை எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள்.

ஆப்பிரிக்க விரியன் அந்தக் குளிர்காலத்தில் செத்தது. காப்பகத்தில் அவள் முறை வந்தபோது இரண்டு இடம்தான் இருந்தது. வால் கிலுக்கும் இரண்டும் போயின. மீதி நான்கு. கிரபோவ்ஸ்கி மகள் வீட்டோடு போய்விட்டார். இடுக்கி இப்போதெல்லாம் நடுங்குவதில்லை.

போன ஆகஸ்டில் கொம்பு விரியன் பெட்டிக்கு முன்னால் நின்றவள், "இங்க வா, வாசல்லயே நின்னு எண்ணு," என்று என்னைக் கூப்பிட்டாள். பென்சில் கனத்தில் குட்டிகள். நான் ஒன்பது எண்ணினேன், அவள் பதினொன்று என்றாள். இரண்டுமே ஆண் என்று நோர்பெர்ட் சொல்லியிருந்தானாம்.

அவளே நகராட்சிக்குப் போன் செய்தாள். மறுநாள் காலை பத்து மணிக்குள் கால்நடை அதிகாரி, ஒரு இளம்பெண், இரண்டு உதவியாளரோடு வந்துவிட்டாள். இவ்வளவு வேகமாக யாரும் அந்த வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. குட்டிகள் சட்டத்துக்குப் புறம்பானவை, ஒரு நாள்கூட இங்கே இருக்கக்கூடாது என்றாள். பதினொன்றையும் டப்பாக்களில் அடைத்து முத்திரை வைத்தார்கள். அவற்றுக்கு எப்படியோ இடம் இருந்தது.

"அம்மா அப்பாவையும் எடுத்துக்கங்களேன்," என்றாள் ரோஸ்வித்தா.

அதிகாரி கோப்பைப் புரட்டிப் பார்த்தாள். "அதுங்களுக்கு உங்ககிட்ட முறையான அனுமதி இருக்கே மேடம். எல்லாம் சுத்தமா வச்சிருக்கீங்க. எடுக்கறதுக்கு எனக்குக் காரணமே இல்ல."

"சுத்தமா வைக்கலன்னா?"

"அபராதம்."

ரோஸ்வித்தா தலையசைத்தாள். உதவியாளர்கள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவள் ரசீதில் கையெழுத்திட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்து, குறுகலான படி, பார்த்து இறங்குங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.