சீக்காளிகளின் ஏஜெண்ட் ஞானமுத்து

போன திங்கட்கிழமை காலை நான் சர்க்கார் கச்சேரிக்கு வேலைக்குப் போய் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. குழித்துறையிலிருந்து லீவு முடிந்து வந்த குமாஸ்தா மேஜையருகே வந்து, "நம்ம இன்ஷூரன்ஸ் ஞானமுத்து சார் நேத்து மரிச்சுப் போனாரு சாமி. குளிச்சிட்டு வந்து நாக்காலியில இருந்தவரு எந்திரிக்கல்ல" என்றார். நியாயப்படி இது மாறி நடந்திருக்க வேண்டும். பதினொரு வருஷமாக நீரிழிவுக்காரன் நான். நான் போன பிறகு, பணம் கேட்கும் விண்ணப்பத்தோடு ஸ்ரீவராகத்தில் என் வீட்டுக்கு வந்து நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தவர் அவர்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் திடகாத்திரமான ஆளாகப் பார்த்துத்தான் வீடு ஏறுவார்கள். ஞானமுத்து அவர்களோ சர்க்கரை வியாதிக்காரன் எங்கே, மூச்சிழுப்புக்காரன் எங்கே என்று விசாரித்துக்கொண்டு வருவார். 'சீக்காளி ஏஜெண்ட்' என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவர் அதைக் கேலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

என்னிடம் வந்தது எட்டு வருஷம் முன்பு. மூன்று பெண்கள், நிலம் நீச்சு கிடையாது, நான் கண்ணை மூடினால் சம்பளமும் நின்றுவிடும். பயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது. அவருடைய வழக்கம் அப்போது எனக்குத் தெரியாது; வியாதியை அவரிடம் மறைத்தேன். கம்பெனி டாக்டர் காலையில் குப்பியில் மூத்திரம் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பன்னீர்க் குப்பி ஒன்றைக் கழுவி என் மச்சினனிடம் கொடுத்து வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். முதல் நாள் பேசிய ஒரு மணி நேரத்தில் நான் நாலு தடவை கொல்லைப்பக்கம் போனதை மனுஷர் கணக்கு வைத்திருந்தார் போலிருக்கிறது. டாக்டருடைய வீட்டு வாசலில் வைத்து என்னை மறித்தார்.

"சாமி, இது யாருக்க மூத்திரம்?"

பொய் வாயில் வரவில்லை. "மச்சினனோடது. என்ன பண்றது ஓய், மூணு பொண்ணு இருக்கே" என்றேன்.

"நீங்க செத்தா கம்பெனி துருவித் துருவிக் கேக்கும். அன்னைக்கு உங்க மச்சினனா வந்து பதில் சொல்லுவாரு? கட்டின பணமும் போவும், பிள்ளைகளும் தெருவுல நிக்கும்."

குப்பியை வாங்கி ஓடையில் கவிழ்த்தார். அன்று சாயங்காலமே எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, வியாதி வந்த மாசம் முதல் சாப்பிட்ட மருந்து வரைக்கும் என் கையாலேயே எழுத வைத்தார்.

இரண்டு கம்பெனிகள் தள்ளிவிட்டன. ஒவ்வொரு மறுப்புக்கும் நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் அடுத்த விண்ணப்பத் தாளை எடுத்தார். எட்டு மாசம் கழித்து பம்பாய்க் கம்பெனி ஒன்று ஒத்துக்கொண்டது. நிபந்தனைகளை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "உங்களுக்கு வயசு நாப்பது. அவன் நாப்பத்தேழுன்னு வச்சு பிரிமியம் போடுவான். பதினஞ்சு வருஷத்துக்கு மேல தரமாட்டான். முதல் வருஷத்துக்குள்ள நீங்க செத்துப் போனா கட்டினதுதான் திரும்பும். பிறகு வருஷா வருஷம் ஏறி, அஞ்சு வருஷம் கழிஞ்சாதான் முழுப் பணம். சம்மதமா?" சம்மதித்தேன்.

அதோடு விட்டாரா என்றால், இல்லை. கோயில் ஊட்டுபுரையில் சாப்பிட்டுவிட்டு நான் வெளியே வரும் வழியில் குடையோடு நிற்பார். "இன்னைக்குப் பாயசம் எத்தன தவணை சாமி?" என்று தெருவே கேட்கும்படி விசாரிப்பார். மானம் போகும். ஆனால் இரண்டு தவணை ஒன்றாயிற்று. பிறகு அதுவும் நின்றது.

ஐந்து வருஷம் பூர்த்தியான அன்று வீட்டுக்கு வந்தார். "இனி நீங்க எப்ப வேணும்னாலும் போலாம் சாமி. எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். உள்ளேயிருந்து என் மனைவி, "ஆத்துக்கு வந்து பேசற பேச்சா இது? நன்னா இருங்கோன்னு சொல்லப்படாதா?" என்று வெடித்தாள். ஞானமுத்து அவர்கள் எழுந்து நின்று, "தப்புதான் அம்மா. நூறு வருஷம் இருக்கட்டும்" என்றார்.

நேற்று தம்பானூரில் பஸ் ஏறிக் குழித்துறைக்குப் போனேன். அவர் மனைவி நேசம்மாளிடம், பாலிசியை எடுத்துத் தந்தால் விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்றேன்.

"பாலிசி இல்ல சாமி. அவியளுக்கு நெஞ்சுல கோளாறு. உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டாவ. ஒரு கம்பெனியும் எடுக்கல்ல."

எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம் வந்தது. ஊரிலுள்ள டாக்டர்கள் அத்தனை பேரையும் தெரிந்தவர். எவரிடமாவது கண் ஜாடை காட்டி நல்ல சர்ட்டிபிகேட் வாங்கியிருந்தால் போதாதா? செய்யமாட்டார். எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் ஆறவில்லை.

"அப்போ உங்க ஜீவனத்துக்கு?" என்றேன்.

"அவிய பிடிச்ச ஆளுக பிரிமியம் கட்டும்போதெல்லாம் அதுல ஒரு பங்கு கமிஷனா வரும். அவியளுக்குப் பிறகு எனக்கு வரும்னு கம்பெனிகிட்ட எழுதி வாங்கியிருக்காவ" என்றவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எல்லாரும் சொகமா இருந்தாப் போதும் சாமி" என்றார்.

நாங்கள் எல்லாரும் என்றால் யார்? சர்க்கரைக்காரன், இழுப்புக்காரன், ஈரல் கெட்டவன். எந்தக் கம்பெனியும் தொடாத எங்களைத்தான் நம்பி அந்த மனுஷர் மனைவியை விட்டுப் போயிருக்கிறார். பஸ்ஸில் திரும்பும்போது என்னையறியாமல் அழுதேன்.

ஞானமுத்து, நீங்கள் முன்னால் போங்கள். என் பாலிசிக்கு இன்னும் ஏழு வருஷம் கட்ட வேண்டியிருக்கிறது. அதுவரை நான் வருவதற்கில்லை.