அடைத்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் அய்யா

தனுஷ்கோடி ரோடு இன்றைக்குத் திறந்திருக்குமா என்று என்னிடம் யாரும் கேட்காத நாள் இல்லை. ராமேஸ்வரத்தில் என் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் பையை உள்ளே வைப்பதற்கு முன்னாலேயே அதைத்தான் கேட்பார்கள். எனக்கு எப்படித் தெரியும்? கடல் ஏறினால் அடைப்பார்கள். காற்றில் மணல் வந்து ரோட்டை மூடினால் அடைப்பார்கள். யாராவது பெரிய ஆள் வந்தால் அடைப்பார்கள். புயல் என்று டிவியில் சொன்னால், அந்தப் புயல் ஒடிசா பக்கம் போனாலும் இங்கே அடைப்பார்கள். அதனால் தினமும் விடிந்ததும் புதுரோட்டுச் சோதனைச் சாவடி வரைக்கும் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இரும்புத் தடுப்பு ஓரமாக நின்றால் ரோடு உண்டு. குறுக்கே நின்றால் கிடையாது.

ஸ்டாண்டில் சிரிப்பார்கள். "ஏலே, ஒரு போனப் போட்டுக் கேட்டாப் போதாதா? டீசல எரிச்சுட்டு அங்கன போயித்தான் பாக்கணுமா?"

போதாது. போனில் திறந்திருக்கிறது என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அடைத்துவிட்டால் என்ன செய்வது?

நான் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அப்போது நாங்கள் தனுஷ்கோடியிலேயே குடிசை போட்டு இருந்தோம். ரோடு கிடையாது. மணலிலும் அலை நனைத்த கரையிலுமாக ஓடும் வேனைப் பிடித்து ராமேஸ்வரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும். வாத்தியார் பாடம் நடத்தும்போது நான் ஜன்னல் வழியாக மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். காற்று கூடினால் சாயங்காலம் வேன் போகாது. போகாவிட்டால் எங்கே படுப்பது? இந்த ஒரு கேள்வியிலேயே ஏழாவது வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு நாள் வேனில் ஏறவில்லை, அவ்வளவுதான். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம், அவரோடு கரைவலை இழுக்கப் போய்விட்டேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிற்பாடு தார் ரோடு வந்தது. இனிமேல் பயமில்லை என்று நினைத்தேன். ரோடு இல்லாதவரைக்கும் அடைப்பதற்கு எதுவும் இல்லை என்பது அப்புறம்தான் விளங்கியது.

ரோடு வந்து கொஞ்ச நாளில் அய்யா இறந்தார். தனுஷ்கோடிக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம். தோட்டம் என்றுதான் பேர், வெறும் மணல். சிமெண்ட் வைத்துக் கட்டினாலும் மணல் மூடிவிடும் என்பதால் அங்கே யாரும் கட்டுவதில்லை. மணலைக் குவித்து, தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை நடுவதோடு சரி. அய்யாவின் பழைய வள்ளத்துப் பலகையை அறுத்து நானே சிலுவை செய்தேன். பேரைத் தாரில் எழுதினேன். அதற்கப்புறம் நாங்கள் ராமேஸ்வரத்துக்கே குடிவந்துவிட்டோம்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். தொண்டியில் கட்டிக்கொடுத்த என் அக்கா முதல் நாளே பஸ் ஏறி வந்துவிடுவாள். இரண்டு பேரும் போய், காற்று கலைத்துப்போட்ட மணலை மறுபடி குவித்து, தண்ணீர் தெளித்துத் தட்டி, பூப் போட்டு மெழுகுதிரி ஏற்றுவோம். ஒரு வருஷம் விட்டால் மேடு தரையாகிவிடும். சிலுவை ஒன்றுதான் அடையாளம். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

போன வருஷம் ஆனி மாதம் பிறக்கும்போதே தென்காற்று பேயாக அடித்தது. ஆடிக் காற்று வருவதற்கு முன்னால் கரையில் கிடக்கிற வலை, துடுப்பு, மிதவை எல்லாவற்றையும் எடுத்து வீட்டுக்குள் வைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். சவாரிக்குப் போன இடத்தில் கல்லறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். நாலைந்து சிலுவைகள் சாய்ந்து கிடந்தன. சுற்றுலா வந்தவர்கள் ஒன்றைப் பிடுங்கித் தோளில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அய்யா சிலுவையைப் பிடுங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நவம்பரில் திரும்ப நட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. அந்த இடத்தில் ஒரு கம்பை அடித்து, கடலில் வலை கிடக்கிற இடத்துக்குக் கட்டுவதுபோல வெள்ளை மிதவை ஒன்றைக் கட்டிவிட்டேன். அதோடு விடாமல், ரோட்டோரக் கல்லிலிருந்து எத்தனை எட்டு என்று நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன். ஐம்பத்து நாலு எட்டு. இவ்வளவு பத்திரமாக இந்த உலகத்தில் யாரும் ஒன்றை எடுத்து வைத்திருக்க மாட்டார்கள்.

அந்த நவம்பரில் புயல் கூண்டு ஏற்றி ரோட்டை அடைத்துவிட்டார்கள். நாங்கள் சாவடித் தடுப்புக்கு முன்னால், ரோட்டோரத்தில் திரி ஏற்றினோம். அக்கா கலங்கவில்லை.

"சிலுவ நிக்குதுல்ல? அது போதும். அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். சிலுவை என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அப்புறம் ஒருநாள் தனியாகப் போய் நட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். மிதவையும் இல்லை, கம்பும் இல்லை. கடல் அரித்த ரோட்டோரத்தை இடித்துப் பாறாங்கல் போட்டு நிரப்பியிருந்தார்கள். எந்தக் கல்லிலிருந்து ஐம்பத்து நாலு? அங்கேயும் இங்கேயும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் போகவில்லை. போய்ப் பார்த்து இல்லை என்று தெரிந்துகொள்வதைவிட, ரோடு அடைத்திருக்கிறது என்று இருந்துவிடுவது லேசாக இருந்தது. காலையில் தடுப்பு குறுக்கே நிற்பதைப் பார்த்தால் சவாரி போச்சே என்று மற்றவர்கள் வைவார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக ஒரு மூச்சு வரும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷமும் திருநாளன்று ரோட்டை அடைத்தார்கள். வாடைக்காற்றில் பெண்கடல் ஏறி அடிக்கிறதாம். வடக்கே இருக்கிற சாந்தமான கடலைப் பெண்கடல் என்போம், தெற்கே இருப்பது ஆண்கடல். மழைக்காலத்தில் பேர் மாறிக்கொள்ள வேண்டியதுதான். சாவடியில் தடுப்பு குறுக்கே நின்றது. நான் ஆட்டோவைத் திருப்பப் போனேன்.

"எங்கனலே திருப்புற? நிறுத்து" என்று அக்கா இறங்கிவிட்டாள். நேரே போலீஸ்காரரிடம் போனாள். "சார், கல்லறைக்குப் போறோம். போயிட்டு ஒடனே வந்துருவோம்."

"யாருக்கும் அனுமதி இல்லம்மா. ரோட்டுல மணலு, ரெண்டு பக்கமும் தண்ணி."

"வருசத்துக்கு ஒரு நாளு சார் செத்தவுகளுக்கு. அவுக என்ன, அடுத்த வாரம் வாங்கன்னு ஒத்தியா வெப்பாக? போன வருசமும் இங்கனயே நின்னு, ஒங்க தடுப்புக்குத் திரி ஏத்திட்டுப் போனோம். தடுப்பா சார் எங்க அய்யா?"

போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செத்தவுகளப் பாக்க அனுப்பி நீங்க செத்தா, என் வேல போயிரும்மா."

"போகாது சார். நான் எழுதித் தாரேன்."

அந்த நேரம் பார்த்துக் குடிசைகளுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் லாரி வந்தது. அதை மட்டும் விடுவார்கள். போலீஸ்காரர் டிரைவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இதுல ஏறிக்கங்க. தண்ணிய எறக்குனதும் இதே வண்டில திரும்பிறணும். அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்கப்படாது."

நான் ஆட்டோ சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சாக்கை எடுத்தேன்.

"என்னலே அது?"

"கம்பி. மண்ணக் கிண்ட."

கம்பியும் அதில் இருந்தது. லாரி மணலில் உறுமி உறுமிப் போனது. இடது பக்கம் கடல் தூக்கிப் போட்ட கல்லைச் சுற்றிக்கொண்டு போனான் டிரைவர். அக்கா மடியில் பூப்பையை வைத்துக்கொண்டு, "நீ சும்மாவே வேர்ப்ப. இன்னைக்கி என்ன, மழையில நனஞ்சாப்ல இருக்க?" என்றாள். நான் சாக்கைக் காலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

கல்லறைப் பக்கம் இறங்கினோம். எதிர்பார்த்ததைவிட மோசம். இரண்டு ஆடிக் காற்று அடித்திருந்தது. நின்ற சிலுவைகள் பத்துக்குள்தான் இருக்கும். மற்ற இடமெல்லாம் பாய் விரித்ததுபோல மணல். அக்கா ஒவ்வொரு சிலுவையாகப் போய்ப் பேரைப் படித்தாள். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அய்யா சிலுவ எங்க?"

சாக்கைப் பிரித்து எடுத்துக் காட்டினேன். அதற்கு மேல் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னேன். காற்று, போட்டோ எடுத்தவர்கள், மிதவை, ஐம்பத்து நாலு எட்டு.

"மிதவயா? கல்லறைக்கா?" என்றாள். "அய்யா என்னலே, வலையா? சாயங்காலம் வந்து இழுத்துக்கிருவேன்னு கட்டிட்டு வந்தியா?"

"காத்து பிடுங்கிரும்னு பயந்துட்டேன்க்கா."

"காத்து பிடுங்கியிருந்தா மண்ணுக்குள்ளயே கெடந்துருக்கும். தோண்டி எடுத்துருக்கலாம். நீ பிடுங்குனதாலதான் இல்ல."

நான் கம்பியை எடுத்துக்கொண்டு, உத்தேசமாக ஓர் இடத்தில் மணலுக்குள் விட்டுப் பார்த்தேன். சவப்பெட்டி தட்டுப்படுமா என்றுதான். இரண்டாவது குத்துக்கு அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, அய்யா மேல குத்துறியே. நெஞ்சுல படப்போகுது."

கம்பியை வாங்கித் தூரப் போட்டாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

தண்ணீர் பிடிக்க வந்த, முன்பு எங்களுக்குப் பக்கத்துக் குடிசையில் இருந்த, நாங்கள் சித்தி என்று கூப்பிடுகிறவர், குடத்தைக் கீழே வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். அவருடைய வீட்டுக்காரரின் சிலுவை நின்றுகொண்டிருந்தது. "எதுக்கு இந்தப் பாடு? எங்க ஆளுக்குப் பக்கத்துல நட்டுருங்க. அந்தா இந்தான்னு இங்கனதான் இருப்பாரு ஒங்கய்யா. கூப்பிட்டாக் கேக்குற தூரந்தான்."

"இல்ல சித்தி" என்றாள் அக்கா. "அங்கன வேற யாரும் இருந்தா? அவுக தலமாட்டுல எங்கய்யா பேர நட்டுட்டு, வருசா வருசம் வந்து அழுகவா? அவுக பிள்ளைக எங்க போயி அழும்?"

சித்தி குடத்தை எடுத்துக்கொண்டார். லாரிக்காரன் முதல் ஆரன் அடித்தான்.

அந்தத் தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. கடலுக்குப் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு அதன் அடியில்தான் திரி ஏற்றுவார்கள். அய்யாவின் தம்பிகள் இரண்டு பேர் அப்படிப் போனவர்கள். அய்யா கடைசியில் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது, வலியிலும் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார். எங்கள் வீட்டில் கரையில் கிடந்து சாகிற முதல் ஆள் தான்தானாம். தனக்கென்று ஆறடி மண் உண்டாம்.

அக்கா அந்தப் பெரிய சிலுவைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கையால் பள்ளம் பறித்து, காற்றுக்கு மறைவாக மூன்று திரியை உள்ளே நட்டாள். வழக்கமாக அங்கே இரண்டுதான். தீப்பெட்டி நமுத்திருந்தது. நான் அவள் முந்தானையைப் பிடித்து மறைத்துக்கொள்ள, ஏழெட்டுக் குச்சிக்குப் பிறகு பற்றியது. பையிலிருந்த பூ முழுவதையும் அங்கேயே கொட்டினாள்.

"சித்தப்பா" என்று மணலைப் பார்த்துச் சொன்னாள், "ஒங்க அண்ணன் வந்துருக்காரு. கொஞ்சம் ஒத்திக்கிட்டு எடம் குடுங்க."

ஜெபம் சொன்னோம். மூன்றாவது ஆரனுக்கு எழுந்தோம். நான் சிலுவையைத் திரும்பச் சாக்கில் சுற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "அதக் கொண்டா. ஒங்கிட்ட இருந்தா பத்திரமா வெச்சே தொலச்சிருவ" என்று வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

சாவடியில் போலீஸ்காரர், "ஆச்சாம்மா?" என்று கேட்டார். "ஆச்சு சார்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் ராமநாதபுரம் வண்டி நின்றது. அங்கே போய்த்தான் தொண்டிக்கு மாற வேண்டும். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே நின்றேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும்.

"தம்பி" என்றாள், மிகவும் சாதாரணமாக. "அடுத்த வருசம் ரோடு தொறந்தாலும் நான் வரல. தேடிப் போக ஒரு எடம் இருந்துச்சு, வந்தேன். இனிமே தொண்டிக் கோயில்லயே ஏத்திக்கிறேன். கடல்ல போனவுகளுக்கு எந்தக் கரையில ஏத்துனாலும் ஒண்ணுதான். நீயும் மழையில அங்கன போயி நிக்காத."

கண்டக்டர் விசில் அடித்தார். அவள் சாக்கை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்ல மறந்துவிட்டேன் என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ராமநாதபுரத்தில் இறங்கி ஏதாவது வாங்கிச் சாப்பிட்டாளோ என்னவோ என்று, அவள் வீடு போய்ச் சேரும்வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.