புளியங்கொட்டைக் கப்பல்கள்

மேசைக்கடியில் கிடந்த ஒரு புளியங்கொட்டையைப் பெருக்கித் தள்ளியதற்காகத்தான் சார் முதன்முதலில் என்னிடம் பேசினார். திட்டவில்லை. "ஏம்மா, அது கப்பல். குப்பையில போட்டுட்டியா?" என்று கேட்டார். மேசைமேல் ஒரு பலகையில் நம் கடற்கரையின் வரைபடம் ஒட்டியிருந்தது. கடல் பக்கம் முழுக்கப் புளியங்கொட்டைகள். அத்தனையும் ஜப்பான்காரன் கப்பல்களாம். குப்பையிலிருந்து அதைப் பொறுக்கித் துடைத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் மயிலாப்பூருக்கு நேராகக் கரையோரம் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். அன்றைக்கு வந்த வக்கீல் ஐயா, "நான் இல்லாத நேரமாப் பாத்துக் கப்பலை நகத்திட்டீரே ஓய், இது அழுகுணி ஆட்டம்" என்று அரைமணி நேரம் சண்டை போட்டார். நான்தான் வைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் படித்தது ஐந்தாவது வரைதான். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் நடுவில் பேச்சு வராது. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்தெருவில் இருந்த சார் வீட்டில் பதினைந்து வருடம் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கினேன். சார் காலேஜில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வக்கீல் ஐயா அவருக்குப் பள்ளிக்கூடச் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே வழக்குதான். நாற்பத்திரண்டாம் வருஷத்து யுத்த காலத்தில், பட்டணமே பயந்து காலியான அந்தச் சித்திரையில், ஜப்பான்காரன் கடல்வழியாக வந்து இங்கே இறங்கியிருக்க முடியுமா, முடியாதா. முடியும் என்பார் சார். முடியவே முடியாது என்பார் வக்கீல் ஐயா. மூன்று தடவை காபி போகும். வேலைவெட்டி இல்லாத ஆம்பிளைகளின் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே அம்மா, அதாவது சாரின் சம்சாரம், சொன்னார். அந்தச் சித்திரையில் சாருக்கு ஆறு வயது. தங்கை பிறந்து பத்து நாள். பட்டணத்தை விட்டுப் போகச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவருடைய அப்பா பச்சை உடம்புக்காரியையும் குழந்தைகளையும் கும்பகோணம் போகிற ரயிலில் ஏற்றினார். அந்த நெரிசலிலும் வெக்கையிலும் பச்சைக் குழந்தைக்கு ஜுரம் கண்டு, ஊர் போய்ச் சேருமுன்னே போய்விட்டது. ஜப்பான்காரன் வரவில்லை. சாரைப் பெற்ற அந்த அம்மாள் சாகிறவரைக்கும் புருஷனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "இவருக்கு ஜப்பான்காரனைப் பத்தி என்னடீ? அவன் வந்திருப்பான்னு ஆயிடுத்துன்னா அப்பா மேல பழி இல்லை. அதுக்குத்தான் இத்தனை கப்பலும்" என்றார். அதற்கப்புறம் வக்கீல் ஐயா கூடத்தில் சிரித்தால், தேய்க்கிற பாத்திரத்தை வைத்துவிட்டுச் சார் குரல் வருகிறதா என்று கேட்பேன்.

எங்கள் மீன்பிடிக் குப்பத்தில் அப்போது ஒருத்தரும் ஓடவில்லையாம். போக இடம் ஏது. "வந்தா இன்னா? மீனு வாங்காமலா பூடுவான்?" என்று எங்கள் நைனா சொல்லிச் சிரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீல் ஐயா புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். "கப்பல் வரட்டும் ஓய். கப்பல்லேர்ந்து கரைக்கு எப்படி வருவான்? நம்ம அலையைப் பாத்திருக்கீரா? படகு கவுந்துடும்." இத்தனை வருடமாக இரண்டு பேரும் கப்பலைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற அலையை யோசிக்கவே இல்லை. சாரின் விரலில் உருண்டுகொண்டிருந்த கொட்டை நின்றுவிட்டது. வக்கீல் ஐயா, டம்ளர் எடுக்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டார். "இதோ கடக்கரைக்காரியே இருக்காளே. நீ சொல்லும்மா. எறங்கலாமா, முடியாதா?"

சார் என்னைப் பார்க்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கலாம் சார்" என்றேன். "சித்திரைல வெடிகாலைல கடலு தட்டு மாரி கெடக்கும். பெரிய அலையா மூணு வந்து போனா கொஞ்ச நேரம் ஓயும். அந்த நேரத்துல வந்துடலாம். எங்க நைனா அப்டித்தான் கரைக்கு வரும்."

என் ஆயுசில் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். "சாட்சி பலமாத்தான் இருக்கு" என்று வக்கீல் ஐயா துண்டை உதறிக்கொண்டு எழுந்துபோனார்.

கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சார் வந்து நின்றார். "பாதிதாம்மா சொன்னே. மீதியைச் சொல்லு." எத்தனை பிள்ளைகளின் அரைகுறைப் பதிலைக் கேட்ட காதோ. தலையைத் தூக்காமல் சொன்னேன். "அங்கயே பொறந்தவங்களுக்குத்தான் சார் அலையை எண்ணத் தெரியும். தெரியாதவன் வந்தா ரெண்டு படகு தப்பும். மத்ததெல்லாம் கவுந்துடும்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவரே குனிந்து மூடினார்.

"எங்கப்பா ஆபீஸ் குமாஸ்தா. காத்து வாங்க மட்டுந்தான் கடக்கரைக்குப் போவார். இந்த மீதி அவருக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு, "நீர் சொல்றதுதான் சரி ஓய். வந்திருக்க முடியாது" என்றார் சார். வக்கீல் ஐயாவுக்குக் காபி இறங்கவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்படி ஒரேயடியாத் தள்ளிட முடியாது" என்று முனகிக்கொண்டே, ஒவ்வொரு கொட்டையாகக் கரைப்பக்கம் தள்ள ஆரம்பித்தார். அம்மா சமையலறையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து ஜப்பான்காரனுக்காக வாதாடியது வக்கீல் ஐயாதான்.

இரண்டு பேரும் இப்போது இல்லை. வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்தபோது, "உனக்கு என்னடீ வேணும்?" என்று அம்மா கேட்டார். ஒரே ஒரு கொட்டையை எடுத்துக்கொண்டேன். பட்டினப்பாக்கத்தில் எங்கள் மாடி வீட்டு ஜன்னலில் அது பல வருடமாக இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும். சித்திரை பிறந்தால் விடிகாலையில் எழுந்து அலையை எண்ணிக்கொண்டு நிற்பேன்.

இன்று காலை வீடு பெருக்கிய மருமகள் அதைக் கையில் எடுத்து, "இன்னா அத்தே இது, குப்பைல போட்டுடவா?" என்றாள்.

"அது கப்பலும்மா" என்றேன்.

"யாரு கப்பலு?"

"ஜப்பான்காரனுது. வரவே இல்ல."

சிரித்துக்கொண்டே ஜன்னல் கட்டையில் கடல் பார்த்த ஓரமாக அதை வைத்துவிட்டுப் போனாள். நான் மெதுவாக எழுந்துபோய், ஒரு விரற்கடை கரைப்பக்கம் நகர்த்தி வைத்தேன்.